பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அச்சோவியங்களின் தலைப்புத் தாளைப் படிக்கும் முறை

பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் செப்புத் தகட்டிலிருந்து அச்சிட்டு விற்கப்பட்ட ஓவியத் தொகுப்புகளின் முதல் தாளும், அதே முறையில் அச்சான நூல்களின் முகப்பும், மற்றத் தாள்களைவிடக் கூடுதல் கவனத்துடன் உருவாக்கப்பட்டவை. தூண்கள், திரைச்சீலைகள், சிறகு முளைத்த குழந்தைகள், கேடயங்கள், சுருள் விளிம்புள்ள பலகைகள் என்று அவை நிறைந்து கிடப்பதால், முதன்முறை பார்ப்பவர் உருவங்களின் உட்பொருளைத் தேடுவதில் இறங்கிவிடுகிறார். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. தலைப்புத் தாள் என்பது முதலில் ஒரு வணிகப் பத்திரம். யார் வரைந்தார், யார் செதுக்கினார், எந்தக் கடையில் விற்றது, யாருடைய ஆதரவு நாடப்பட்டது, எந்த உரிமையின் பேரில் வெளியிடப்பட்டது என்பனவெல்லாம் அதில் எழுத்தாகவே பதிவாகியிருக்கின்றன. ஆகவே தாள், கோடு, எழுத்து, சின்னம், உருவம் என்ற வரிசையில் படிப்பதே நல்லது.

தாளிலிருந்து தொடங்குவோம். மூலப்படி கையில் இருந்தால் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அக்காலத் தாள் கந்தல் துணிக் கூழிலிருந்து கம்பிச் சல்லடையில் வார்க்கப்பட்டது. நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் செல்லும் கோடுகளும் அதில் தெரியும். எந்தக் கோடும் இல்லாமல் சீராக இருக்கும் தாள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. அத்தகைய தாளில் இருக்கும் படி, தகடு எவ்வளவு பழையதாயினும், பிற்காலத்தில் அச்சிடப்பட்டதே. அடுத்து, விளக்கைத் தாளின் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துப் பாருங்கள். செப்புத் தகடும் அதன்மேல் வைத்த தாளும் உருளை அச்சுப்பொறியில் மிகுந்த அழுத்தத்துடன் சேர்ந்து ஓடுவதால், தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதியும். பழைய சேகரிப்பாளர்கள் பலர் அந்தப் பள்ளம் வரை தாளை வெட்டிவிடும் வழக்கம் உடையவர்கள். ஆகையால் தடம் இல்லை என்பதற்காகவே ஒரு படியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அதே பக்கவாட்டு வெளிச்சத்தில் மை எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்கலாம். செப்புத் தகட்டில் மை பள்ளத்தில் தங்கித் தாளுக்கு ஏறுவதால், கோடு தாளின் மேல் மிக நுண்ணிய வரப்பாக எழுந்து நிற்கும். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்டதில் இது தலைகீழாகும். எழுத்து தாளுக்குள் அழுந்தியிருக்கும். இந்த இரு வகை அச்சுக்கும் வெவ்வேறு அச்சுப்பொறிகள் தேவைப்பட்டதால்தான், அக்கால நூல்கள் பலவற்றில் செதுக்கிய தலைப்புத் தாள் ஒன்றும், அச்செழுத்துத் தலைப்புப் பக்கம் ஒன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. செதுக்கிய தாளைத் தனியே அச்சிட்டு நூலில் சேர்த்துக் கட்டினார்கள். அதனால் அது எளிதாகக் கழன்று தனிப்படமாகச் சந்தைக்கு வந்துவிடும். உருளை அச்சுப்பொறி எப்படி இயங்கியது என்பதைக் காண விரும்புவோர், பாரிஸ் செதுக்குநர் ஆபிரகாம் போஸ் 1642-இல் வெளியிட்ட அச்சுக்கூடக் காட்சியைப் பார்க்கலாம்.

இனிக் கோடு. கூர்மையான செதுக்குளியைக் கையால் தள்ளிச் செப்பை வெட்டினால், கோடு ஊசி முனையாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி ஊசி முனையாக முடியும். தகட்டின்மேல் மெழுகுப் பூச்சைத் தடவி, அதை ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கவிட்டால், கோட்டின் முனைகள் மழுங்கியிருக்கும். கோடு முழுவதும் ஒரே தடிப்பாக ஓடும். இந்த வேறுபாட்டைப் பத்து மடங்கு பெருக்கும் சிறு கண்ணாடி காட்டிவிடும். ஆனால் பிரெஞ்சுத் தாள்களில் ஒரு சிக்கல் உண்டு. அப்போது பிரான்சுக்கு உட்படாத தனி நாடாக இருந்த லொரேனின் நான்சியைச் சேர்ந்த ழாக் கலோ (1592–1635), மென்மையான மெழுகுக்குப் பதிலாக, இசைக்கருவி செய்வோர் பூசும் கடின வார்னிஷைத் தகட்டில் தடவி, முனை சாய்வாகச் சீவப்பட்ட எஷோப் என்னும் ஊசியால் வரைந்தார். அந்த ஊசியைத் திருப்பத் திருப்பக் கோடு மெலிந்தும் தடித்தும் போகும். அமிலத்தால் அரித்த கோடே உளியால் வெட்டியது போல் தோன்றும். போஸ் இம்முறையை 1645-இல் பாரிசில் வெளியான தம் செய்முறை நூலில் விரிவாக எழுதியதால், அது பாரிஸ் பட்டறைகளின் பொதுச் சொத்தாயிற்று. எனவே கலோவுக்குப் பிந்திய தாளில் தடித்து மெலியும் கோட்டைக் கண்டவுடன் உளி வேலை என்று எழுதிவிடாமல், கோட்டின் முனை எப்படி முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துகளில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தகட்டில் எழுத்தை இடம் வலமாகத் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். இது தனித் திறமை. படத்தை ஒருவரும் எழுத்தை வேறொருவரும் செதுக்கிய தகடுகள் ஏராளம். படம் முழுவதும் அமிலத்தால் அரித்ததாக இருக்க, எழுத்து மட்டும் உளியால் வெட்டப்பட்டிருந்தால் இந்தப் பங்கீட்டை எண்ணிப் பார்க்கலாம். எழுத்து வரிசையின் மேலும் கீழும் உற்றுப் பாருங்கள். செதுக்குபவர் வரி கோணாமல் இருக்க மிக மெல்லிய வழிகாட்டிக் கோடுகளைக் கீறிக்கொள்வார். ஆழமே இல்லாத அக்கோடுகள் தகடு சில நூறு முறை துடைக்கப்படுவதற்குள் தேய்ந்துவிடும். அவை தெளிவாகத் தெரியும் படி, தகடு புதிதாக இருந்தபோது எடுக்கப்பட்ட படி. விலை கேட்பதற்கு முன் இந்த ஒன்றைப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்பேன். படத்தின் கருமை கண்ணை ஏமாற்றலாம், மை கூட்டிப் பூசினால் தேய்ந்த தகடும் கருமையாகத் தெரியும், ஆனால் போன வழிகாட்டிக் கோடு திரும்பி வராது.

பெயர்களுக்குப் பின்னால் வரும் சுருக்கச் சொற்கள் பெரும்பாலும் லத்தீன். ‘இன்வெனிட்’ என்றால் உருவத்தைக் கற்பித்தவர்; ‘டெலினியாவிட்’ என்றால் வரைந்தவர்; ‘ஸ்கல்ப்ஸிட்’ என்றால் செதுக்கியவர்; ‘ஃபெசிட்’ என்றால் செய்தவர், அது பெரும்பாலும் அமில அரிப்பு வேலையில் வரும். ‘எக்ஸ்குடிட்’ என்பது வெளியிட்டவரைக் குறிக்கும். அவர் உளியைத் தொட்டிருக்க வேண்டிய தேவையில்லை. ‘இஸ்ராயேல் எக்ஸ்.’ என்று மட்டும் இருந்தால், அவர் கலோவின் நண்பரும் வெளியீட்டாளருமான இஸ்ராயேல் ஆன்ரியே. அவருடைய தகடுகள் 1661-இல் சகோதரி மகன் இஸ்ராயேல் சில்வெஸ்த்ருக்குச் சேர்ந்தன. இருவருக்கும் ஒரே முதற்பெயர் என்பதால் பழைய பட்டியல்களில் நேர்ந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

முகவரி அடுத்த தடயம். அக்காலப் பாரிசில் கடைகளுக்குக் கதவு எண் கிடையாது. வாசலில் தொங்கிய சின்னமே அடையாளம். அச்சோவிய வணிகம் செறிந்திருந்த சாந்-ழாக் தெருவில், பியேர் மரியேத்தின் கடை ‘நம்பிக்கை’ என்ற சின்னத்தின் கீழும், பிரான்சுவா லாங்க்ளுவாவின் கடை ‘ஹெர்குலிசின் தூண்கள்’ என்ற சின்னத்தின் கீழும் நடந்தன. லாங்க்ளுவா 1647-இல் இறந்தார். அவருடைய மனைவியை, மரியேத்தின் மகனான இரண்டாம் பியேர் மரியேத் 1655-இல் மணந்தபோது கடையும் தகடுகளும் அவரிடம் வந்தன. ஆகவே ஒரே தகட்டில் முதலில் லாங்க்ளுவாவின் பெயரும், பிறகு அதை அழித்துவிட்டு மரியேத்தின் பெயரும் வருவதுண்டு. செப்பில் எழுத்தை அழிக்க வேண்டுமானால் சுரண்டித் தேய்த்து, பள்ளமான இடத்தைப் பின்புறத்திலிருந்து தட்டிச் சமப்படுத்த வேண்டும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அந்த இடத்தில் லேசான சாம்பல் படலமோ, பழைய எழுத்தின் காலோ கொம்போ தங்கிவிடும். முகவரி வரியைச் சுற்றி அத்தகைய அழுக்கு நிழல் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது இரண்டாம் கைக்கு மாறிய தகடு என்று கொள்ளலாம்.

ஆண்டைப் படிப்பதில் அவசரம் கூடாது. தகட்டில் உள்ள ஆண்டு வரைந்த ஆண்டாகவோ, செதுக்கிய ஆண்டாகவோ, தலைப்புச் சேர்த்த ஆண்டாகவோ இருக்கலாம். கையிலிருக்கும் தாள் அச்சான ஆண்டாக இருப்பது அரிது. கலோவின் கூனர் உருவத் தொகுப்பின் தலைப்புத் தாள் 1616-ஆம் ஆண்டு ஃபுளோரன்சில் செய்யப்பட்டது என்கிறது. அதே தாளில் நான்சியில் வெளியிடப்பட்டதென்றும் இருக்கிறது. கலோ ஃபுளோரன்சிலிருந்து ஊர் திரும்பியதே 1621-இல்தான். ஆண்டும் ஊரும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று பதற வேண்டாம். ஒன்று கருத்து பிறந்த இடம், மற்றொன்று விற்பனை தொடங்கிய இடம்.

‘அவெக் ப்ரிவிலேழ் த்யு ருவா’, அதாவது அரசரின் உரிமைப்பட்டயத்துடன், என்ற வரி குறிப்பிட்ட காலத்துக்குப் பிறர் அதைப் படியெடுத்து விற்கத் தடை இருந்ததைக் காட்டும். கலோவின் ‘போரின் துயரங்களும் கேடுகளும்’ தொகுப்பில் தலைப்புத் தாளையும் சேர்த்து 18 தகடுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் உயரமும் 19 சென்டிமீட்டர் அகலமும் உடையது. தலைப்புத் தாளின் நடுவிலுள்ள பலகையில், இவை லொரேனைச் சேர்ந்த உயர்குடியினரான ழாக் கலோவால் வரைந்து காட்டப்பட்டவை, அவருடைய நண்பர் இஸ்ராயேலால் வெளிக்கொணரப்பட்டவை, பாரிஸ், 1633, அரசரின் உரிமைப்பட்டயத்துடன் என்று இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் பிரெஞ்சு அரசர் பதின்மூன்றாம் லூயியின் படை நான்சியைக் கைப்பற்றியது. தம்மை லொரேன் உயர்குடியினர் என்று அழைத்துக்கொள்பவரின் பெயரும் பிரெஞ்சு அரசரின் உரிமையும் ஒரே பலகையில் இருப்பதைப் பார்க்கும்போது, ஒரு வணிக வாசகம் எவ்வளவு சுமக்கிறது என்பது புரியும்.

அடுத்து, கேடயங்களும் மரபுச் சின்னங்களும். கறுப்பு மையில் வண்ணத்தைக் காட்ட, நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு கோட்டு மரபு நிலைபெற்றது: கிடைக்கோடுகள் நீலம், நெடுங்கோடுகள் சிவப்பு, புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி. இதை மனத்தில் கொண்டால், நூல் யாருக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்பதைப் பெயர் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். குஞ்சங்கள் தொங்கும் அகன்ற தொப்பியின் கீழ் மூன்று கூரை வடிவப் பட்டைகள் இருந்தால் பதின்மூன்றாம் லூயியின் முதலமைச்சர் கர்தினால் ரிஷ்லியூ. கோல்கட்டில் செருகிய கோடரி இருந்தால் அவருக்குப் பின் முதலமைச்சரான மசாரன். நெளியும் பாம்பு இருந்தால் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர். மூன்று லில்லி மலர்களும் பக்கத்தில் நவார் அரசின் சங்கிலிகளும் இருந்தால் அரசர். சின்னம் உரியவரின் பதவிக்காலம், ஆண்டில்லாத தகட்டுக்கு ஓர் எல்லை வகுத்துத் தரும். சில வேளை கேடயம் வெறுமையாகவே இருக்கும். ஆதரவாளர் கிடைக்கும் வரை இடம் காலியாக விடப்பட்டிருக்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகே உருவங்களுக்கு வர வேண்டும். அப்போதும் முதலில் கேட்க வேண்டியது, தலைப்பு எதன்மேல் எழுதப்பட்டிருக்கிறது என்பதே. நூற்றாண்டின் தொடக்கத்தில் லெயோனார் கோத்தியே போன்ற செதுக்குநர்கள் கட்டட முகப்பையே விரும்பினர்: இருபுறமும் தூண்கள், தூணுக்கு முன்னால் நிற்கும் புனிதர்களோ நற்பண்புகளோ, நடுவாயிலில் தலைப்பு, பீடத்தில் கடைக்காரரின் முகவரி. கலோ இந்தக் கட்டடத்தைக் கலைத்தார். பிச்சைக்காரர்களைக் காட்டும் அவருடைய தொகுப்பின் முதல் தாளில், கந்தலுடுத்த ஒருவன் கொடியொன்றைப் பிடித்து நிற்கிறான். தொகுப்பின் தலைப்பு அந்தக் கொடித் துணியின் மேல் இருக்கிறது. படைத்தலைவனுக்குரிய கொடி பிச்சைக்காரன் கையில் இருப்பதே அங்கே நகைச்சுவை. எழுத்தும் உருவமும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. என் கணிப்பில் அந்நூற்றாண்டின் தலைப்புத் தாள்களில் இதற்கு இணையானவை மிகச் சில.

1639 முதல் சுமார் 1650 வரை பாரிசில் இருந்த ஃபுளோரன்ஸ்காரர் ஸ்டெஃபனோ டெல்லா பெல்லா, சுருள் விளிம்புப் பலகையை, பிரெஞ்சில் கார்டூஷ் எனப்படுவதை, உயிருள்ள பொருளாக மாற்றினார். தோல் போல மடிந்து சுருளும் விளிம்பு அவர் கையில் விலங்கு முகமாகவோ மீன் வாலாகவோ நழுவிவிடும். 1646-இல் லாங்க்ளுவா வெளியிட்ட அவருடைய கார்டூஷ் தொகுப்பு பிற கைவினைஞர்களுக்கு மாதிரியாகவும் பயன்பட்டது. ழான் லெபோத்ர் (1618–1682) இந்தச் சந்தையைத் தம் வசமாக்கிக்கொண்டு, கணப்பு முகப்பு, குவளை, கூரை அலங்காரம் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளைச் செய்து குவித்தார். பெரும்பாலும் ஆறு தாள்கள் கொண்ட சிறு கட்டுகள் அவை. முதல் தாளே மாதிரியாகவும் தலைப்பாகவும் வேலை செய்யும். அவற்றில் ஆழ்ந்த உருவகம் தேடுவது வீண்.

ஆழம் தேடத் தக்கவை வேறு இருக்கின்றன. லூவ்ர் அரண்மனையில் 1640-இல் நிறுவப்பட்ட அரச அச்சகத்துக்காக ஓவியர் நிக்கோலா பூசேன் வரைந்து க்ளோத் மெலான் செதுக்கிய மூன்று முகப்புகளில் தூணோ கார்டூஷோ முதன்மை பெறவில்லை. உருவங்கள் மட்டும் நிற்கின்றன. 1642-இன் விவிலிய முகப்பில், மேலே கடவுள் கைகளை விரிக்க, கீழே சிறகுடைய பெண்ணொருத்தி நூலில் எழுதுகிறாள்; எதிரே முகத்திரையிட்ட பெண் சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட சிறிய ஸ்ஃபிங்க்ஸ் ஒன்றைத் தாங்கி நிற்கிறாள். ஒருத்தி திரும்பிப் பார்த்து எழுதுவதும், மற்றவள் முகம் மறைந்திருப்பதும் கடந்ததையும் வரப்போவதையும் குறிப்பதாகக் கொள்ளலாம். மெலான் நிழலைக் குறுக்குக் கோடுகளால் நிரப்பாமல், இணையாகச் செல்லும் கோடுகளைத் தடிக்கச் செய்தே காட்டுவார். கண்ணாடி வைத்து முகத்திரையைப் பார்த்தால் கோடுகள் எங்கும் ஒன்றையொன்று வெட்டாமல் செல்வது தெரியும்.

பார்த்தவற்றை எழுதி வைக்கும்போது வரிசையை மாற்றாதீர்கள். முதலில் தகட்டுத் தடத்தின் உயரம், பிறகு அகலம், மில்லிமீட்டரில். தடம் வெட்டப்பட்டிருந்தால் தாளின் அளவு என்று குறித்துவிட வேண்டும். எழுத்துகளை வரி பிரிவு மாறாமல், பிழையிருந்தால் பிழையோடு, அப்படியே பெயர்த்தெழுத வேண்டும். திருத்திய எழுத்துக்கூட்டல், தகட்டில் மாற்றம் செய்வதற்கு முன்போ பின்போ எடுத்த வேறொரு படியோடு ஒப்பிடும்போது குழப்பும். அதன் பின் பட்டியல் எண்: கலோவுக்கு லியூர் தொகுத்த பட்டியலில் போர்த் தொகுப்பின் தலைப்புத் தாள் 1339 என்ற எண்ணைப் பெற்றிருக்கிறது. டெல்லா பெல்லாவுக்கு த வேம் தொகுத்த பட்டியல் இருக்கிறது. பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் கல்லிகா தளத்தில் அதே தகட்டின் வேறு படிகள் கிடைத்தால், முகவரி வரியை மட்டும் பெரிதாக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1667-இல் கொல்பேர் அரசருக்காக மிஷேல் த மரோலிடமிருந்து வாங்கிய பெருஞ்சேகரிப்பு அந்நூலகத்தின் அச்சோவியப் பிரிவுக்கு அடித்தளமாக அமைந்ததால், அச்சான காலத்துக்கு நெருக்கமாகச் சேகரிக்கப்பட்ட படிகள் அங்கே நிறைய உண்டு.