அறுவைக்குப் பின் நாயின் ரத்த ரிப்போர்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கோடையில் கடையம் பக்கத்திலிருந்து கன்னி இன வேட்டை நாய் ஒன்றைச் சிகிச்சைக்காக அம்பாசமுத்திரத்தில் என்னிடம் கொண்டுவந்தார்கள். காட்டுப்பன்றி தொடையைக் கிழித்திருந்தது. தையல் போட்ட மறுநாள் வந்த ரிப்போர்ட்டை வளர்ப்பவர் நீட்டி, "ஈரல் கெட்டுப்போச்சா சார்? எஸ்.ஜி.ஓ.டி.க்குக் கீழே கோடு போட்டிருக்காங்களே" என்று கேட்டார். நாயோ எழுந்து நின்று சோற்றுத் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

எஸ்.ஜி.ஓ.டி. ஈரலுக்கு மட்டும் உரிய நொதி அன்று, தசையிலும் உண்டு. ஆகவே சி.பி.கே. என்ற தசை நொதியைச் சேர்த்துப் பார்க்காமல் ஈரல் டானிக் எழுதுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. பெரும்பாலும் தசையிலிருந்தே வரும் சி.பி.கே., காயம்பட்ட சில மணி நேரத்தில் ஏறி, சேதம் தொடராவிட்டால் ஓரிரு நாளில் இறங்கிவிடும், எஸ்.ஜி.ஓ.டி. மெதுவாகவே இறங்கும். மூன்றாம் நாள் முன்னது தணிந்து, பின்னது மட்டும் சற்று உயர்ந்திருந்தால், தசைச் சேதம் ஓய்ந்துவருகிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். தொடையில் ஊசி போட்டாலும் சி.பி.கே. ஏறும் என்பதால், ரத்தம் எடுத்த பிறகே தசை ஊசி போடுவது நல்லது.

உடலில் அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் புரதமான சி.ஆர்.பி. விஷயத்தில் அவசரம் இன்னும் அதிகம். ஆரோக்கியமான நாயில் இது பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்கும். கருப்பை நீக்கம் போன்ற வழக்கமான அறுவைக்குப் பிறகும், சீழ் ஏதும் இல்லாமலே, பல மடங்கு உயர்ந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அந்த உச்சத்தைப் பார்த்து ஆன்டிபயாட்டிக்கை மாற்றுவது வீண் செலவு. அதன் பிறகும் இறங்காமல் நின்றாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோதான் தையலைத் திறந்து பார்க்க யோசிக்க வேண்டும். மனிதருக்கான சோதனைக் கிட்டில் நாயின் சி.ஆர்.பி. சரியாகத் தெரியும் என்று நம்பவும் கூடாது; நாய்க்கென்று சரிபார்த்த சோதனையா என்று லேபில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாதிரியைக் கெடுப்பது தனிக் கதை. மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுத்து, குழாயை நேரே ஐஸ் மேல் வைத்து, அக்னி நட்சத்திர வெயிலில் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற்றினால், சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரம் ரோஜா நிறத்தில் போய்ச் சேரும். அணுக்களுக்குள் இருந்த எஸ்.ஜி.ஓ.டி.யும் எல்.டி.ஹெச். என்ற இன்னொரு நொதியும் கசிந்து, நாய்க்கு இல்லாத சேதத்தை ரிப்போர்ட்டில் காட்டும். சீரத்தைப் பிரித்த பிறகு அனுப்புவதே முறை.

கடையத்து நாய்க்கு மூன்றாம் நாள் சி.பி.கே. நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் முதல் நாள் ஏறியிருந்ததில் பன்றியின் கொம்பு செய்தது எவ்வளவு, என் கத்தி செய்தது எவ்வளவு என்று வளர்ப்பவருக்குச் சொல்ல என்னால் இயலவில்லை. அவசரத்தில் அறுவைக்கு முன் ரத்தம் எடுக்க மறந்திருந்தேன்.