ஞாயிற்றுக்கிழமை வதக்கி வைத்தால் வியாழன் வரை குழம்பு

காட்பாடியில் காலை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்குச் சின்ன வெங்காயம் உரிக்க நேரம் ஏது? அதனால் குழம்புக்கான வெங்காயம், தக்காளி விழுதை ஞாயிறு மதியமே வதக்கி வைத்துவிடுகிறேன்.

அரை கிலோ சின்ன வெங்காயம், கால் கிலோ தக்காளி, ஒரு பூண்டு. நல்லெண்ணெயைத் தாராளமாகவே விடுங்கள், கஞ்சத்தனம் பார்த்தால் சீக்கிரம் கெட்டுவிடும். வதங்கியதும் குழம்புத் தூள், உப்பு, எலுமிச்சை அளவு புளியின் கெட்டிக் கரைசல். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை சுண்டவிட வேண்டும். நன்றாக ஆறிய பிறகு ஈரமில்லாத பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரக் கரண்டி மட்டும் கூடாது. போன மே மாதம் ஒரு ராத்திரி அடுப்பு மேடையிலேயே மறந்து வைத்தேன், காலையில் நுரைத்துப் போயிருந்தது. வேலூர் வெயில் சும்மா விடுமா?

வாரநாளில் கத்தரிக்காயைக் கீறி எண்ணெயில் வதக்கி, இரண்டு கரண்டி விழுது, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டால் கால் மணியில் குழம்பு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள். காம்பில் முள் குத்தும், பார்த்துப் பிடியுங்கள்.

ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி கிண்டினால் இதே குழம்புதான். சூடுபடுத்தினால் இன்னும் ருசி.