வேலூருக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? கொசு விஷயத்தில் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, வளைகுடா என்று எங்கிருந்து வந்து வேலூரில் வீடு எடுத்தாலும், முதல் வாரத்தில் வரும் புலம்பல்கள் மூன்று: வெயில், தண்ணீர், கொசு. இதில் கடைசி இரண்டும் ஒரே புலம்பல்தான்.

நீங்கள் இருந்த ஊரில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. தண்ணீர் விடும் நாளில் பிடித்து வைக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் சம்ப், சின்டெக்ஸ் டேங்க், டிரம், பிளாஸ்டிக் குடம் என்று ஒரு வரிசையே இருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. டிரம்மின் உள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி நனைந்ததும் பொரிந்துவிடும். எனவே வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மூட முடியாத டிரம்முக்குப் பழைய வேட்டித் துணி கட்டினால் போதும்.

வீட்டுக்காரர் கொல்லையில் போட்டு வைத்திருக்கும் பழைய ஆட்டுக்கல், ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், இவற்றையும் எட்டிப் பாருங்கள். முக்கியமாக ஏர் கூலர். மே மாத வெயிலுக்கு வாங்கிவிட்டு, மழை வந்ததும் அடியில் தண்ணீரோடு மூலையில் தள்ளிவிடுகிறோம். இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை கவனமாக இருப்பது நல்லது. மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க ஆள் வந்தால் வாசலிலேயே நிறுத்தாமல் உள்ளே விடுங்கள். டேங்கில் அவர்கள் ஊற்றும் மருந்து புழுவுக்கானது.

சரி, வீட்டு வைத்தியத்துக்கு வருவோம்.

வட ஆற்காட்டுக் கிராமங்களில் கொசு என்றாலே நொச்சிதான். ஏரிக்கரையிலும் ஓடைப் பக்கமும் தானாக வளரும். ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். ஆனால் செடியை வாசலில் வைத்துவிட்டால் கொசு ஓடிவிடும் என்று நம்பாதீர்கள். துளசித் தொட்டிக்கும் இதே கதைதான். இலையைக் கசக்கினால் அல்லது புகைத்தால்தான் வேலை நடக்கும்.

புகை போடுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. தூபக்காலிலோ பழைய மண்சட்டியிலோ தேங்காய் ஓட்டைத் தணலாக்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் காய்ந்த வேப்பிலை ஒரு பிடி. அது குப்பென்று பிடிக்கும்போதே பச்சை நொச்சியை மேலே அமுக்கினால் தீ அடங்கி, வெள்ளைப் புகை திரண்டு வரும். சாம்பிராணி ஒரு சிட்டிகை போடலாம், அது வாசனைக்குத்தான். சாயந்திரம் ஐந்தரை மணிவாக்கில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பின்கட்டிலிருந்து ஆரம்பித்து வாசல் பக்கம் வரை தூபக்காலை எடுத்து வாருங்கள். கட்டிலுக்கு அடி, துணி தொங்கும் கொடி, பீரோ இடுக்கு இங்கெல்லாம் நின்று காட்ட வேண்டும், கொசு பதுங்குவது அங்கேதான். வாசல் கதவை மட்டும் திறந்து வைத்து, புகை கலைந்ததும் சாத்திவிடுங்கள். ஆஸ்துமாக்காரர்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம். இலைப் புகை என்றாலும் நுரையீரலுக்குப் புகை புகைதான்.

உடம்பில் தடவ, 100 மில்லி தேங்காய் எண்ணெயில் அரை டீஸ்பூன் வேப்பெண்ணெய் கலந்தால் போதும். நாற்றம் அடிக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். முழங்கையில் கொஞ்சம் தடவிப் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் கை காலுக்குப் போடுங்கள். வேப்பெண்ணெய் குழந்தை வாயில் போகக்கூடாது, அது விஷம். கற்பூரமும் அப்படித்தான். விளக்கில் போடுகிறேன் என்று பொட்டலத்தைத் தவழும் குழந்தைக்கு எட்டும்படி வைத்துவிடாதீர்கள், விழுங்கினால் வலிப்பே வரும். லெமன்கிராஸ் எண்ணெய் நன்றாக விரட்டும், ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். மணிக்கொரு தரம் தடவிக்கொண்டிருக்க வேண்டும்.

எலுமிச்சம்பழத்தில் கிராம்பு குத்தி வைப்பதைப் பற்றியும் கேட்பார்கள். மேசைக்கு அழகாக இருக்கும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இதையெல்லாம் பெரும்பாலோர் ராத்திரிக்கென்றே செய்கிறார்கள். இருட்டியதும் காதில் ரீங்காரமிடுவது சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ். டெங்குக் கொசு கடிப்பது பகலில், அதிலும் காலையிலும் மாலை இருட்டும் முன்பும்தான் அதிகம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது எண்ணெய் தடவி, முழுக்கை சட்டை போட்டு அனுப்புங்கள். மதியம் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் வலை போடுங்கள்.

சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்கியிருப்பவர்களுக்குப் புகை சரிப்படாது. நோயாளி இருக்கும் அறை, லாட்ஜ்காரரும் விட மாட்டார். மடக்கு வலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஊர் திரும்பும்போது பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். ஃபேன் வேகமாக ஓடினால் கொசுவால் காற்றை எதிர்த்துப் பறந்து வந்து உட்கார முடியாது. கரண்ட் போனால்தான் கஷ்டம், அப்போது எண்ணெயும் வலையும்தான்.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம், ரத்தக்கசிவு அதிகமாகும். கஷாயம் குடித்துக்கொண்டே நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் இறங்கும் நாளில் கடுமையான வயிற்று வலியோ, விடாத வாந்தியோ, ஈறில் ரத்தமோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். முன்பு கோலாலம்பூரிலோ கொழும்பிலோ ஏற்கெனவே டெங்கு வந்தவர் என்றால் அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டாம் முறை வரும் டெங்கு கடுமையாவதற்கு வாய்ப்பு அதிகம்.