துணிக்கடையின் வலையமைப்பை மடிக்கணினியில் கட்டிப் பழகுவோம்

மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் இரண்டு தளங்கள் கொண்ட ஒரு துணிக்கடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு ஒரு சுவிட்ச், அதாவது கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு பில் கணினி, ஒரு கேமரா. பில் கணினிகள் தமக்குள் பேச வேண்டும், கேமராக்கள் அவற்றை எட்டவே கூடாது. இந்த அமைப்பைச் சுவிட்ச் எதுவும் வாங்காமல், மெய்நிகர் சுவிட்ச் இமேஜ்களை, அதாவது சுவிட்சின் மென்பொருள் அடங்கிய கோப்புகளைக் கொண்டு வீட்டிலேயே கட்டலாம்.

படி 1: கணினி

16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். பயோஸில் விர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்கிவிட்டு, வலையமைப்பைத் திரையில் வரைந்து இயக்கும் இலவச மென்பொருளான ஜிஎன்எஸ்3-ஐயும், சுவிட்சுகளை ஓட்டும் மெய்நிகர் கணினியான ஜிஎன்எஸ்3 விஎம்-ஐயும் நிறுவுங்கள். இரண்டின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இணைப்பே கிடைக்காது.

படி 2: இமேஜ்

சுவிட்ச் தயாரிக்கும் அரிஸ்டா நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் விஇஓஎஸ்-லேப் என்ற மெய்நிகர் சுவிட்ச் இமேஜைக் கட்டணமின்றிப் பெறலாம். அதனுடன் சுவிட்சைத் தொடக்கிவைக்கும் அபூட் கோப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். யாரோ பகிர்ந்த டெலிகிராம் கோப்புகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். உரிமச் சிக்கல் ஒருபுறமிருக்க, உள்ளே என்ன இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. ஜிஎன்எஸ்3-இல் அரிஸ்டாவுக்கான டெம்ப்ளேட்டைத் தேர்ந்து கோப்புகளைக் காட்டினால், அது கோப்பின் கைரேகை போன்ற எம்டி5 எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்றுக்கொள்ளும்.

படி 3: முதல் இயக்கம்

இரண்டு சுவிட்சுகளை வைத்து, அவற்றின் ஈதர்நெட்1 போர்ட்டுகளை ஒரு கேபிளால் இணையுங்கள். பட்டியலில் முதலில் நிற்பது, சுவிட்சை நிர்வகிக்க மட்டுமே உள்ள மேனேஜ்மென்ட்1. புதியவர்கள் பலர் கேபிளை அதில் செருகிவிட்டுத் திகைக்கிறார்கள். பில் கணினிக்கும் கேமராவுக்கும் பதிலாக விபிசிஎஸ் என்ற எளிய மெய்நிகர் கணினிகளை ஈதர்நெட்3, 4 போர்ட்டுகளில் செருகுங்கள்.

சுவிட்ச் எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல் கிடையாது. நிர்வாகி நிலைக்கு மாற எனேபிள் கொடுத்த பின், தானியங்கி அமைப்பை நிறுத்தும் 'ஜீரோடச் கேன்சல்' என்ற கட்டளையைத் தட்டினால், சுவிட்ச் மறுபடி தொடங்கி நம் கைக்கு வரும். (கட்டளைகளின் ஒலிப்பை மட்டுமே இங்கே தருகிறேன், திரையில் ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.)

படி 4: விலான்

விலான் என்பது ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை. இரு சுவிட்சுகளிலும் விலான் 10, விலான் 20 ஆகியவற்றை உருவாக்கி, பில் கணினியின் போர்ட்டுக்கு 'ஸ்விட்ச்போர்ட் ஆக்சஸ் விலான் 10' என்றும் கேமராவின் போர்ட்டுக்கு 20 என்றும் கொடுங்கள். இப்போது நான்கு விபிசிஎஸ்களுக்கும் வேண்டுமென்றே ஒரே நெட்வொர்க்கில், அதாவது 192.168.10.11/24 முதல் 192.168.10.14/24 வரை, முகவரி கொடுங்கள். வெவ்வேறு நெட்வொர்க் முகவரிகளைக் கொடுத்துவிட்டால், பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகாததற்குக் காரணம் விலானா முகவரியா என்று பிரித்தறிய முடியாது.

கீழ்த்தளப் பில் கணினியிலிருந்து மாடிப் பில் கணினிக்குப் பிங் அனுப்பினால் பதில் வராது. சுவிட்சுகளுக்கு இடையிலான போர்ட்டுகள் இன்னும் விலான் 1-இலேயே இருப்பதுதான் காரணம். இரு முனைகளிலும் 'ஸ்விட்ச்போர்ட் மோட் ட்ரங்க்' கொடுத்ததும் பதில் வரத் தொடங்கும். ஒவ்வொரு ஃபிரேமும் (தரவுத் துண்டும்) எந்த விலானைச் சேர்ந்தது என்ற 802.1க்யூ குறியைச் சுமந்து அந்த ஒரே கேபிளில் கடக்கிறது. கேமராவுக்கு அனுப்பும் பிங் மட்டும், முகவரி ஒரே நெட்வொர்க்காக இருந்தும், போய்ச் சேராது. விலானின் பொருள் எனக்கு விளங்கியது அந்தப் பதிலில்லா வரியைப் பார்த்தபோதுதான்.

இந்த இடத்தில் இரு சுவிட்சுகளிலும் 'ரைட் மெமரி' கொடுத்து அமைப்பைச் சேமித்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளொன்றில், பேட்டரி தீர்ந்த மடிக்கணினியோடு என் ஒரு மாலை முழுவதன் உழைப்பும் போய்விட்டது.

படி 5: இரண்டாவது கேபிள்

ஈதர்நெட்2 போர்ட்டுகளையும் ட்ரங்க் ஆக்கி இணைத்தால் ஒரு வளையம் உருவாகிறது. ஃபிரேம்கள் வளையத்தில் முடிவின்றிச் சுற்றாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற வசதி ஒரு போர்ட்டை அடைப்பதால் வலையமைப்பு முடங்காமல் தப்புகிறது. எந்தச் சுவிட்ச் ரூட் (வழிகளைக் கணக்கிட மையமாகக் கொள்ளப்படும் சுவிட்ச்) ஆகும் என்பதைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகே 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ' கொடுங்கள். இரண்டுக்கும் இயல்பான முன்னுரிமை எண் 32768 என்பதால் சிறிய மேக் முகவரி (வன்பொருள் முகவரி) உடையதே வெல்லும். தோற்ற சுவிட்சுக்கு 4096 என்ற சிறிய முன்னுரிமை எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். ரூட் பதவி அதற்கு மாறி, அடைபட்ட போர்ட்டும் எதிர்ப் பக்கச் சுவிட்சுக்குப் போய்விடும். பிங் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈதர்நெட்1-இல் 'ஷட்டவுன்' கொடுத்தால், அடைபட்டிருந்த ஈதர்நெட்2 திறந்துகொண்டு பதில்கள் மீண்டும் வரிசையாக வருவதைக் காணலாம்.