எண்ணெய் இல்லாமல் தாளிப்பது எப்படி: ஸ்டென்ட் வைத்தவனின் சமையல் குறிப்பு

போன வருடம் ஆடி மாதம் எனக்கு இதய ரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். வயது 51. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு உணவு அட்டையும் கையில் கொடுத்தார்கள், அதில் எண்ணெயைக் குறைக்கவும், காய்கறியைக் கூட்டவும் என்று ஒரே வரி. எப்படிக் குறைப்பது, குறைத்தால் குழம்பு வாயில் வைக்க விளங்குமா என்பதெல்லாம் நம் பாடு. "ஏனுங்க, தாளிக்காம எப்படிங்க குழம்பு வைக்கறது?" என்று வீட்டில் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். சரி என்று நானே கரண்டியைக் கையில் எடுத்தேன். முதல் ஆறு மாதம் நிறையக் கெடுத்தேன். இப்போது கைக்கு வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

இது மாத்திரைக்குப் பதிலான சமையல் கிடையாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். கொலஸ்ட்ரால் மாத்திரையும் அப்படியே தொடர வேண்டும். சாப்பாடு அதற்குத் துணை.

இன்னொன்று, சைவம் வேறு, இந்தச் சாப்பாடு வேறு. என் பங்காளி ஒருவர் பிறந்ததிலிருந்து முட்டை கூடத் தொட்டதில்லை, அவருக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது. பஜ்ஜி, முறுக்கு, நெய் ரோஸ்ட், பால்கோவா எல்லாம் சைவம்தானே. கறியை விடுவது எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை (பள்ளிபாளையம் சிக்கன் தவிர, அதற்குக் கீழே வருகிறேன்). எண்ணெயும் தேங்காயும்தான் ஆளைப் படுத்தியது.

எதை நம்பி இறங்கினேன்

1990இல் டீன் ஆர்னிஷ் என்ற அமெரிக்க மருத்துவர் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார். 48 இதய நோயாளிகள். ஒரு பிரிவுக்குக் கொழுப்பிலிருந்து 10 சதவீதக் கலோரி மட்டும் வருகிற சைவச் சாப்பாடு, கூடவே உடற்பயிற்சி, யோகா, தியானம், புகை நிறுத்தம். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் அடைப்பின் சராசரி 40 சதவீதத்திலிருந்து 37.8 ஆகியிருந்தது, மற்றதில் 42.7இலிருந்து 46.1 ஆகக் கூடியிருந்தது. நெஞ்சுவலி வருவதும் முதல் பிரிவில் நன்றாகக் குறைந்தது. வாட்ஸப்பில் "அடைப்பு கரைந்தே போகும்" என்று சுற்றுகிறதே, அதோடு இந்த எண்களை வைத்துப் பாருங்கள். கரைந்து ஓடவில்லை, இரண்டு புள்ளி குறைந்தது. ஆனால் கூடாமல் நின்றது, எனக்கு அதுவே பெரிது. அதிலும் சாப்பாடு மட்டும் வேலை செய்யவில்லை, நாலைந்து விஷயம் சேர்ந்து செய்தது.

அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் கால்டுவெல் எசல்ஸ்டின் என்ற மருத்துவர் ஒரு சொட்டு எண்ணெய் கூடாது என்கிறார். ஸ்பெயினில் நடந்த பெரிய ஆய்வில் ஆலிவ் எண்ணெயோ, வால்நட், பாதாம் மாதிரிப் பருப்புக் கொட்டைகளோ சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்தன. ஆக, எண்ணெய் என்றாலே விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் அதன் அளவு கையை மீறிப் போயிருக்கிறது, அளவாக ஊற்றுவது எனக்கு வரவில்லை, முழுதாக நிறுத்துவது வந்தது. அவ்வளவுதான் காரணம்.

முதல் வேலை: மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் போவது

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டை மாற்றினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். வால்வு மாற்றி வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்ற, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையோடு மல்லுக்கட்டும். இதயம் பலவீனமாகி, தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் ரசத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கேட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

இரண்டாவது: எண்ணெய்க் கணக்கு

பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் நாலு லிட்டர் கடலை எண்ணெய். அதாவது தலைக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, கிட்டத்தட்ட 270 கலோரி. வெளியில் தின்ற போண்டா இதில் சேராது. இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான் வீட்டில் என் பக்கம் சாய்ந்தார்கள்.

மூன்றாவது: தாளிப்பு

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

முதல் முறை எண்ணெய்க்குப் பதில் சட்டியில் தண்ணீரை ஊற்றி அதில் கடுகைப் போட்டேன். சிரிக்காதீர்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, கடுகு அதில் ஜென்மத்துக்கும் வெடிக்காது, ஊறித்தான் போகும். அடுத்த முறை வெறும் சட்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன். கடுகு வெடிப்பதற்குள் பெருங்காயம் கருகி, மிளகாய் புகைந்து, வீடே இருமியது.

வரிசைதான் விஷயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு, ஒரு நேரம்.

சின்ன இரும்புச் சட்டியை மிதமான தீயில் காய வையுங்கள். நான்ஸ்டிக் வேண்டாம், காலிச் சட்டியாகச் சூடேறினால் அதன் பூச்சு கெடும். முதலில் உளுந்தம்பருப்பை மட்டும் போட்டு, கை விடாமல் கிளறி, பொன்னிறம் வந்ததும் தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் கருகும். அதே சட்டியில் கடுகு, உடனே மூடி. அரை நிமிடத்தில் படபடவென்று வெடிக்கும், சத்தம் ஓய்கிற மாதிரி தெரிந்ததும் அடுப்பை அணையுங்கள். முழுதும் ஓயும் வரை காத்திருந்தால் கசக்கும். அணைத்த சட்டியில் சீரகம், துணியில் ஈரம் போகத் துடைத்த கருவேப்பிலை. இலை மொறுமொறுவென்று ஆக அந்தச் சூடே போதும். கடைசியாக, இரண்டு ஸ்பூன் தண்ணீரில் பெருங்காயத்தைக் கரைத்து, கிள்ளிய வரமிளகாயையும் அதிலேயே போட்டுச் சட்டியில் ஊற்றுங்கள். சொய்ங் என்று ஒரு சத்தம் வரும், வாசமும் வரும். அப்படியே குழம்பில் கொட்டிவிடலாம்.

ஆனாலும் எண்ணெய்த் தாளிப்பின் வாசம் முழுதாக வராது. மசாலாவின் வாசம் எண்ணெயில் கரைகிற மாதிரி தண்ணீரில் கரையாது, அதை மறைக்க முடியாது. நான் கண்டுபிடித்த மாற்று: மிளகு, சீரகம், கொஞ்சம் மல்லி மூன்றையும் வெறுஞ்சட்டியில் வறுத்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்து, இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு தூவுவது. மிக்ஸியில் அரைத்தால் மாவாகிவிடுகிறது, கையுரல்தான் சரி. இந்தச் சமையலுக்கு ஒரே ஒரு சாமான் புதிதாக வாங்குவதென்றால் கையுரல் வாங்குங்கள், ஏர் ஃப்ரையரை மறந்துவிடுங்கள்.

வெங்காயம் வதக்குவது தனிக் கதை. ஆரம்பத்திலேயே தண்ணீரை ஊற்றினால் அது வெந்த வெங்காயம், பச்சை வாடை போகாது. காய்ந்த சட்டியில் சின்ன வெங்காயத்தைப் போட்டு ஒரு சிட்டிகை உப்பு தூவி விட்டுவிடுங்கள். அடியில் பிடித்து, பழுப்பு நிறம் தெரிந்த பிறகுதான் ஒரு ஸ்பூன் தண்ணீர். சுரண்டுங்கள், மறுபடி பிடிக்க விடுங்கள், மறுபடி ஒரு ஸ்பூன். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது.

நான்காவது: தேங்காய் இருந்த இடத்தில்

கொங்குப் பக்கம் தேங்காய் இல்லாமல் எதுவும் இறங்காது. ஆனால் தேங்காய்க் கொழுப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைகொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அந்த வகைதான். பொரியலுக்குத் தேங்காய்த் துருவலுக்குப் பதில் மலர வேகவைத்த பாசிப்பருப்பு. குழம்பு கெட்டிப்படப் பொட்டுக்கடலை மாவு, அல்லது வேகவைத்த சுரைக்காயை மசித்துச் சேர்ப்பது. பள்ளிபாளையத்துக்குச் சிக்கன் இருந்த இடத்தில் காளான், தேங்காய்ச் சில்லு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, சின்ன வெங்காயமும் விதை எடுத்த வரமிளகாயும் இரண்டு மடங்கு. சிக்கன் மாதிரியே இருக்கும் என்று சொன்னால் பொய். நன்றாக இருக்கும்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் பாதி ஏற்கனவே எண்ணெய் இல்லாததுதான், நாம்தான் மறந்துவிட்டோம். ராகிக் களி, கம்மங்கூழ், கீரைக் கடைசல், கொள்ளுக் கடைசல். கொள்ளைச் சட்டியில் வறுத்துக் குக்கரில் வேகவைத்து, பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி, சீரகம் சேர்த்து மத்தால் கடைந்தால் தாளிப்பே கேட்காது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதுதான் ரசம். அரிசிம்பருப்புச் சாதம் மட்டும் நெய் இல்லாமல் தொண்டையில் நிற்கும், அதற்குத் தண்ணீர் அரைப் பங்கு கூட வைத்துக் குழைய விடுங்கள்.

பயறு, ஓட்ஸ், பார்லி, வெண்டைக்காய் இவற்றில் கரையும் நார் அதிகம். குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும், ஈரல் புதிதாகப் பித்தம் செய்ய ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். வெள்ளைச் சாதத்தை நான் மதியம் ஒரு வேளைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ராத்திரி சாமை அல்லது வரகு.

தயிர்: ஆர்னிஷ் கொழுப்பு எடுத்த பாலும் தயிரும் கொஞ்சம் அனுமதித்தார். நான் சோயா பாலுக்கு மாறினேன். உறை ஊற்ற, வெதுவெதுப்பான சோயா பாலில் நாலைந்து பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைக்க வேண்டும், முதல் தடவை மெதுவாகத்தான் உறையும், அடுத்த தடவை அந்தத் தயிரே உறை. வாசம் பழக இரண்டு வாரம் ஆகும். மோர்க்குழம்புக்குச் சுமார்தான், மோராகக் குடிக்கப் பரவாயில்லை.

என் ரிப்போர்ட்

எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 148இல் ஆரம்பித்தேன், மூன்று மாதத்தில் 61, இப்போது 52. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 55க்குக் கீழே வேண்டும் என்பது இப்போதைய இலக்கு. இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, கொள்ளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது, பெரும்பங்கு மாத்திரைக்குத்தான் இருக்கும். ஒன்பது கிலோ குறைந்ததும், பிரஷர் மாத்திரை ஒன்றை டாக்டரே நிறுத்தியதும் சாப்பாடும் காலை நடையும் சேர்ந்து செய்தது என்று நினைக்கிறேன்.

பிற்சேர்க்கை 1: பலர் கேட்டது வைட்டமின் பி12. முழுத் தாவர உணவில் அது நம்பும்படி கிடைக்காது, நீராகாரத்தில் இருக்கிறது, மண்ணில் இருக்கிறது என்று சொல்வதை நம்பி இருக்காதீர்கள். கால் மரத்துப்போகும் வரை நானும் அசட்டையாகத்தான் இருந்தேன். ரத்தத்தில் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் மாத்திரையைப் போடுங்கள்.

பிற்சேர்க்கை 2: சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சில பிரஷர் மாத்திரைகள் ஏற்கனவே பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைப்பவை, சிறுநீரகமும் பலவீனமாக இருந்தால் ஆபத்து. அதைவிட அப்பளம், ஊறுகாயை விட்டுவிட்டு, சாதா உப்பை ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் வையுங்கள்.

பிற்சேர்க்கை 3: 78 வயது அம்மாவுக்கு இதை அப்படியே செய்து கொடுத்து எடை குறைந்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். ஒல்லியான, பசி குறைந்த வயதானவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு நிலக்கடலையோ வால்நட்டோ தினமும் ஒரு பிடி வேண்டியிருக்கும், டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 4: தோசை ஒட்டுகிறது என்று ஏழெட்டுப் பேர். பழகிய இரும்புத் தோசைக்கல், அதில் சப்பாத்தி சுடக் கூடாது. கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்து, பாதியாக வெட்டிய வெங்காயத்தால் அழுத்தித் தேய்த்து, தீயைக் குறைத்து மாவை ஊற்றி, மூடி போட்டு வேகவையுங்கள். ஓரம் தானாக எழும்பும் வரை கரண்டியை உள்ளே விடாதீர்கள். முதல் தோசை எப்படியும் பிய்யும், அதை நான் அடுப்படியிலேயே நின்று தின்றுவிடுவேன்.