தோட்டத்துக்கு ஒரு சின்ன ஃபோர் வீல் டிரைவ்: வண்டியைப் பார்க்கும் முன் பாதையை அளந்து பாருங்கள்

தாண்டிக்குடியிலோ சிறுமலையிலோ ஏற்காட்டிலோ இரண்டு மூன்று ஏக்கர் காபி, மிளகுத் தோட்டம் வாங்கியவர்கள் பத்திரம் பதிந்த கையோடு கேட்பது ஒன்றைத்தான்: "மாருதி ஜிம்னி எடுக்கலாமா, மஹிந்திரா தார் எடுக்கலாமா?" ஷோரூமுக்குப் போனால் இதற்குப் பதில் கிடைக்காது. அங்கே தரை வழுவழுவென்று சமமாக இருக்கிறது. தோட்டத்துப் பாதையில் ஒரு டேப்போடு நடந்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைத் தோட்டத்துக்கு அகலம் குறைந்த, எடை குறைந்த, லோ கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) உள்ள வண்டிதான் சரி. குதிரைத்திறனைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

படி 1: உண்மையில் வேண்டுமா?

கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இரண்டு பாதையிலும் அரசு பஸ் ஏறுகிறது, பழைய ஆல்ட்டோவும் ஏறுகிறது. வளைவு எத்தனை இருந்தாலும் நல்ல சாலை நல்ல சாலைதான். அதற்காக ஃபோர் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, வாங்க வேண்டியதில்லை. மெயின் ரோட்டை விட்டு இறங்கியபின் உங்கள் கேட் வரை உள்ள துண்டுதான் கணக்கு. அந்தத் துண்டில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீங்கள் போயே ஆக வேண்டுமா என்பது அடுத்த கணக்கு.

மழைக்காலத்தில் போக வேண்டாம், மற்ற நாளில் பாதை காய்ந்து கிடக்கும் என்றால், பின் சக்கரம் இழுக்கும் சாதாரண பொலேரோவே போதும். மோசமான இடம் நூறு அடி ஏற்றம் மட்டும்தானா? இரண்டு சக்கரத் தடத்துக்கு மட்டும் கான்கிரீட் போட என்ன ஆகும் என்று ஒரு மேஸ்திரியிடம் விலை கேளுங்கள். பல இடங்களில் அது ஃபோர் வீலுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவாக இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரரும் பங்கு போடுவார்.

படி 2: பாதையை அளப்பது

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு டேப், 20 சென்டிமீட்டருக்கு வெட்டிய ஒரு குச்சி, சாய்வு காட்டும் ஆப் உள்ள ஒரு போன், இவ்வளவு போதும்.

முதலில் அகலம். மலைத் தோட்டப் பாதைகள் பல, பழைய ஜீப் போகிற அளவுக்கு வெட்டியவை. இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே, ஓடைப் பாலத்தின் மேலே, உங்கள் கேட்டில், மண்சரிந்த திருப்பத்தில் என்று எங்கெல்லாம் நெருக்கமாக இருக்கிறதோ அங்கெல்லாம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த எண்களோடு ஒப்பிடுங்கள். மாருதி ஜிப்ஸி 1,540 மில்லிமீட்டர். ஜிம்னி 1,645. 2020-இல் வந்த தார் 1,820. ஜிப்ஸிக்கும் தாருக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு அடி வித்தியாசம். காகிதத்தில் அது சின்ன எண்தான். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பாறை என்கிற இடத்தில் அந்த ஒரு அடிதான் வண்டி போகுமா நிற்குமா என்பதை முடிவு செய்கிறது. இந்த அளவுகளில் பக்கக் கண்ணாடிகள் சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து அந்தக் குச்சி. ஜீப், டிராக்டர் ஓடிய பாதையில் இரண்டு தடமும் பள்ளமாகி நடுவில் மேடு நிற்கும். தடத்தில் குச்சியை நட்டுப் பிடித்து, நடு மேடு அதன் தலையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஜிம்னிக்கும் ஜிப்ஸிக்கும் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர், தாருக்கு 226. குச்சியைவிட மேடு உயர்ந்திருந்தால் எந்த வண்டி வாங்கினாலும் அடி தட்டலாம். மண்வெட்டி எடுத்து மேட்டைச் செதுக்குவதுதான் வழி.

சாய்வை போனைத் தரையில் வைத்தே அளக்கலாம். 15 டிகிரி என்றால் நூறு அடிக்கு ஏறத்தாழ 27 அடி ஏற்றம். மழையில் நனைந்த மண்ணில் அது கடினமான ஏற்றம்தான். 20 டிகிரிக்கு மேல், அதுவும் திருப்பத்தில் வந்தால், லோ கியர் இல்லாத வண்டியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்மண் மழையில் மேலே மட்டும் சோப்பு போட்டதுபோல வழுக்கும். அடியில் கெட்டி இருக்கும். நல்ல டயர் அந்த மேல் சேற்றைக் கிழித்துக்கொண்டு கெட்டியைப் பிடித்துவிடும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வேறு ஜாதி. சக்கரத்தில் அப்பி, மட்கார்டு வரை அடைத்து, நான்கு சக்கரமும் வழுவழு உருளையாகிவிடும். அங்கே மழை நின்று ஒரு வெயில் அடிக்கும் வரை எந்த வண்டியையும் வயலுக்குள் விடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். கரிசல்காரர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஜிம்னி புக் செய்ய வேண்டாம்.

கடைசியாகச் சுமை. யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி 50 கிலோ. ஒரு நடையில் எத்தனை மூட்டை, கூட எத்தனை ஆள் என்று எழுதிப் பாருங்கள். ஜிம்னியின் சொந்த எடை சுமார் 1,200 கிலோ, மொத்தம் அனுமதிக்கப்பட்டது 1,545 கிலோ. மிச்சம் 350 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நாலு ஆள் உட்கார்ந்தால் அதற்குமேல் ஒரு மூட்டைக்குத்தான் கணக்கு இருக்கிறது.

படி 3: நெம்புகோலில் இருக்கும் மூன்று குறிகள்: 2H, 4H, 4L

நாம் பேசும் வண்டிகளில் சாதாரண கியரோடு இன்னொரு நெம்புகோல் இருக்கும். டூ ஹை என்றால் பின் சக்கரம் மட்டும் இழுக்கிறது; தினசரி ஓட்டத்துக்கு அதுதான். ஃபோர் ஹை என்றால் முன்னும் பின்னும் சேர்ந்து இழுக்கின்றன. ஃபோர் லோவில் வேகம் நன்றாகக் குறைந்து, இழுவை அதற்கேற்பக் கூடுகிறது.

ஏறுவதற்கு மட்டும் ஃபோர் லோ என்று நினைக்கிறார்கள். இறங்குவதற்குத்தான் அது இன்னும் முக்கியம். மூட்டை ஏற்றிய வண்டியோடு ஈரச் சரிவில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். ஃபோர் லோவில் முதல் கியர் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ஜினே பிடித்துப் பிடித்து இறக்கும். கிளட்சை மட்டும் மிதித்துவிடாதீர்கள்.

காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் ஹை போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டமும் பின் சக்கரங்கள் சின்ன வட்டமும் போடுகின்றன. இந்த வகை வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. அந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லாமல் ஷாஃப்டுகள் முறுக்கேறும். மண்ணில் சக்கரம் லேசாக வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், கெட்டியான சாலையில் அது நடக்காது.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியும் நின்றுபோகலாம். குறுக்காக ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் தூக்கிக்கொண்டால், தூக்கிய இரண்டும் வெறுமனே சுற்றும். இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் டிஃப் லாக் அதற்குத்தான். ஜிம்னி, சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து மறுபக்கத்துக்கு இழுவையைத் தள்ளுகிறது. தோட்ட வேலைக்கு அது போதும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் நிஜமான டிஃப் லாக் உண்டு.

படி 4: எந்த வண்டி

ஜிப்ஸி 1985-இல் 970 சிசி என்ஜினோடு வந்தது. 1996-இல் 1,298 சிசி ஆனது. பாதுகாப்பு விதிகள் கடுமையானபோது, 2019 வாக்கில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. 985 கிலோதான் எடை. சேற்றில் மாட்டினாலும் நாலு பேர் தள்ளினால் நகரும். முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டை என்பதால் உதறல் அதிகம்; ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏர்பேக் கிடையாது, பெட்ரோலும் குடிக்கும். தோட்டத்துக்குள்ளேயே சுற்றும் வண்டி என்றால் இன்றும் என் முதல் தேர்வு. வாரம்தோறும் குடும்பத்தோடு கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ நாலு வழிச் சாலையில் வருகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அவருக்கு ஜிம்னி. இந்தியாவில் ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் 12.74 லட்சம் ஷோரூம் விலையில் தொடங்கியது. 1,462 சிசி பெட்ரோல், 105 பிஎஸ். டீசல் இல்லை. முன்னும் பின்னும் ஒரே கட்டை ஆக்சில், காயில் ஸ்பிரிங், ஃபோர் லோ எல்லாம் உண்டு. "இந்த விலைக்கு இவ்வளவு சின்ன வண்டியா" என்று நம் ஊரில் முகம் சுளித்தார்கள். குருகிராமில் தயாரான அதே வண்டியை 2025 தொடக்கத்தில் ஜப்பானில் அறிவித்தபோது நாலைந்து நாளில் 50,000 பேர் வரை புக் செய்து, புக்கிங்கையே நிறுத்தினார்கள். ஜப்பானில் ஜிம்னி 1970-லிருந்து ஓடுகிறது, குறுகிய மலைப்பாதை அவர்களுக்குப் பழக்கம். ஒரு குறை: ஐந்து கதவுக்காக நீட்டியதில் முன் பின் சக்கர இடைவெளி 2,590 மில்லிமீட்டர். கூர்மையான மேட்டின் உச்சியில் வயிறு தட்டலாம்.

2020 தார் இழுவையில் கெட்டி. 2.2 லிட்டர் டீசல் 130 பிஎஸ், 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும். பாதை அகலமாக இருந்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் 2023-லிருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனையில் இருக்கிறது. பழைய வண்டிச் சந்தையில் தோற்றத்தைப் பார்த்து ஏமாறாமல் இரண்டாவது நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். 2010 முதல் 2020 வரை வந்த பழைய தார் 1,726 மில்லிமீட்டர் அகலம். அதில் சிஆர்டிஇ என்கிற டீசல் என்ஜின் உள்ள ஃபோர் வீல் நல்ல நிலையில் கிடைத்தால் டீசல் விரும்பிகளுக்கு நல்ல சமரசம்.

கூர்க்காவை இரண்டு ஏக்கருக்கு வாங்குவது ஆசைக்கு மட்டும்தான். சுமைதான் முக்கியம் என்றால் பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் பாருங்கள், நீளமான வண்டி என்பதால் திருப்பங்களை மறுபடி அளந்துகொள்ளுங்கள். பழைய ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவ் ஓட்டச் சுகமானது, ஆனால் லோ கியர் இல்லை.

படி 5: பழைய வண்டியைச் சோதிப்பது

பெயின்ட் பளபளப்பை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸில் துரு, வெல்டிங் தழும்பு, புதிதாக அடித்த கறுப்பு பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். முன் சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் உருண்டையான மூட்டில் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தால் சீல் போயிருக்கிறது. ஜிப்ஸியில் இது சகஜம், விலையைக் குறைக்கப் பயன்படும். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள், கிராஸ் மூட்டில் ஆட்டம் இருந்தால் தெரியும். டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஜிப்ஸியில் முன் சக்கர நடுவில் கையால் திருகும் ஹப் லாக் இருக்கலாம். ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, லாக் போட்டுச் சுற்றினால் உள்ளே ஷாஃப்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். எடுத்துவிட்டால் சுற்றக் கூடாது. வருஷக்கணக்கில் தொடாதது இறுகிப் போயிருக்கும்.

அப்புறம் உழுத நிலத்துக்கு ஓட்டிப் போங்கள். ஃபோர் லோ, முதல் கியர், ஆக்சிலரேட்டரைக் கொடுத்தும் விட்டும் பாருங்கள். நெம்புகோல் தானாகக் கழன்றால் டிரான்ஸ்ஃபர் கேஸில் (அந்த நெம்புகோல் இயக்கும் கியர் பெட்டியில்) செலவு இருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது முன்னால் டக் டக் என்று கேட்டால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. விற்பவர் "அதெல்லாம் போட்டுப் பார்க்க வேண்டாம் சார்" என்று சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

படி 6: ஆர்சி புக்

டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் கடந்த டீசல் வண்டிக்கும் 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிக்கும் தடை வந்தபின் அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வரத் தொடங்கின. என்ஓசி (தடையில்லாச் சான்று) கையில் இருக்கிறதா, இங்கே மறுபதிவுக்கும் ஆயுள் வரிக்கும் எவ்வளவு ஆகும் என்று ஆர்டிஓ ஆபீஸில் கேட்டபின் அட்வான்ஸ் கொடுங்கள். 15 வருஷம் முடிந்த வண்டியென்றால் எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது 5 வருஷத்துக்குத்தான்.

டீசல் என்ஜின் மாற்றி வைத்த ஜிப்ஸிகள் நிறைய சுற்றுகின்றன. ஆர்சியில் பெட்ரோல் என்று இருந்து உள்ளே டீசல் ஓடினால் விட்டுவிடுங்கள். கம்பெனி கொடுத்த அடிப்படை வடிவத்தை மாற்றிய வண்டியைப் பதிய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்சூரன்ஸும் கை கொடுக்காமல் போகலாம்.

படி 7: டயரும் கயிறும்

வண்டியோடு வந்த டயர் சாலைக்கானது என்றால், அது தேயும்போது கம்பெனி சொன்ன அதே அளவில் ஆல் டெரெய்ன் டயர் (சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போடுங்கள். ஆழப் பல் உள்ள மட் டயர் சாலையில் இரையும், ஈரச் சாலையில் பிரேக்கும் குறையும். தோட்டத்தை விட்டு வெளியே வராத வண்டிக்கு மட்டும் அது. சேற்றில் மாட்டினால் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கிப் பாருங்கள், பிடிப்பு கூடும். திரும்ப ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியில் கிடக்கட்டும்.

மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் நெம்புகோல் அசையாது. ஒரு மண்வெட்டி, ஒரு இழுவைப் பட்டை, ஒரு ஜோடி கையுறை பின்னால் இருக்கட்டும். பட்டையை ஒருபோதும் பம்பரில் கட்டாதீர்கள், பிய்த்துக்கொண்டு வந்து ஆளை அடிக்கும். இழுவைக் கொக்கி முன்னால் எங்கே, பின்னால் எங்கே என்று வாங்கிய அன்றே குனிந்து பார்த்து வையுங்கள்.