பைத்தானில் பட்டியலைச் சுழற்றுவது எப்படி?

கொங்கு நாட்டுப் பங்குக் கிணற்றில் தன் முறைக்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்தவர் வரிசையின் கடைசிக்குப் போவதைப்போல, பைத்தான் பட்டியலையும் ஓரிடத்தில் வெட்டி, இரு துண்டுகளையும் இடம் மாற்றி ஒட்டினால் அது சுழன்றுவிடும்.

முறை = ["பெரியப்பா", "சித்தப்பா", "மாமா", "அத்தை"]
முறை = முறை[1:] + முறை[:1]

[1:] முதல் ஆளை விட்டு மற்றவர்களையும், [:1] முதல் ஆளை மட்டும் வெட்டித் தரும். இப்போது சித்தப்பா முதலிலும் பெரியப்பா கடைசியிலும் இருப்பர். (பைத்தான் 3 தமிழ்ப் பெயரையும் மாறியாக ஏற்கும்.)

1-க்குப் பதிலாக 5 கொடுத்தால் பிழைச்செய்தியும் வராது, பட்டியலும் அசையாது என்பதால், எண்ணைப் பட்டியலின் நீளத்தால் வகுத்து, 5 % 4 என மீதியை மட்டுமே கொடுக்க வேண்டும்.

ஓயாமல் சுழலும் நீண்ட பட்டியலுக்கு, ஒவ்வொரு தடவையும் புதுப் பட்டியலை உருவாக்காத கலெக்‌ஷன்ஸ் (collections) தொகுதியின் இருமுனை வரிசையான டெக்கே (deque) ஏற்றது. அதன் ரொட்டேட் (rotate) கட்டளை நேர் எண்ணுக்கு வலப்புறமாக நகர்த்துவதால், நம் கிணற்றுக்கு -1 தர வேண்டும்.